பிரேக் லைட்டும் நான் அணைத்த கற்பூரமும்

ராசிபுரம்
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பிரபாவுக்கு அப்பா எழுதுவது. இந்த வீட்டில் நானும் உன் அம்மாவும் சுகம், உடம்புக்கு ஒன்றுமில்லை, உடம்பு சரியில்லாதது கார் மட்டும்தான். ஆக்லாந்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழைக்குத் தலையை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் பேசாமல் இந்த மனுசன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன், உன் அம்மா பக்கத்திலிருந்து பாதியைத் திருத்துவாள். இதை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான்.

தை கடைசியில் கார் கம்பெனியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே என்று ஆரம்பித்தபோதே எனக்குச் சந்தேகம், என்னை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. உங்கள் வண்டியின் பிரேக் லைட் சுவிட்சில் கோளாறு இருக்கலாம், வண்டி ஓடிச் சூடேறிய பிறகு சில நேரங்களில் பிரேக்கை மிதித்தாலும் பின்னால் விளக்கு எரியாமல் போகலாம், அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவோம், இதுதான் விஷயம். சரி என்று மறுநாளே சேலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே வின்சென்ட் என்று ஒரு பையன், டை கட்டி, வாய் நிறைய சார் போட்டு, சுவிட்ச் இன்னும் வரவில்லை சார், டோக்கன் போட்டுக்கோங்க சார் என்றான். என் டோக்கன் அறுபத்து மூன்று. அடுத்த வாரம் போனேன், வரவில்லை சார். அதற்கடுத்த வாரம் போனேன், பத்து வந்தது சார் பத்தும் போய்விட்டது சார். நான்காம் தடவை வாட்ச்மேனே என்னைப் பார்த்து இன்னும் வரலீங்க என்று கேட்டிலேயே சொல்லிவிட்டான், அந்த ஒருவன்தான் அங்கே என் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தவன்.

இந்த லட்சணத்தில் எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வேறு. அம்மாபேட்டையில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் அன்பரசு ஆரம்பித்தது, நூற்று நாற்பது பேர், எல்லோரும் என்னைப் போல ஏமாந்த கார்க்காரர்கள். காலையில் ரோஜாப்பூ படம், மத்தியானம் கம்பெனியைத் திட்டு, சாயந்தரம் அன்பரசு நாலு நிமிஷத்துக்குக் குரல் பதிவு. வாழப்பாடியில் ஒருவர் பின் கண்ணாடியில் 'லைட் எரியாது, தள்ளி வரவும்' என்று பெயின்ட்டில் எழுதி வைத்துவிட்டார், பார்க்க லாரி மாதிரியே இருக்கிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உன் அம்மாவைப் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்து, நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கையை வெளியே நீட்டி ஆட்டச் சொன்னேன். ஆண்டகளூர் கேட் வருவதற்குள் கை கடுத்துப்போய், இருபத்தெட்டு வருசமா உங்களுக்கு நாந்தான் பிரேக்கு, இப்ப லைட்டும் நானே ஆகோணுமா என்று கேட்டாள். அதிலிருந்து அவள் பஸ்ஸில்தான் போகிறாள், நான் காரில் போகிறேன், இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குத் தனித்தனியாகப் போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று நினைத்துக்கொள். உன் சின்னத்தை ஏற்கனவே இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று ஊருக்குள் சொல்லிவிட்டாள்.

இப்போது நான் எழுத வந்ததுக்கு வருகிறேன் சாமி. ஐப்பசியில் மல்லூர் தாண்டி ஒரு லாரி நம் காரைப் பின்னால் இடித்ததே, டிக்கி நசுங்கி, அம்மாவுக்கு ஒரு வாரம் கழுத்து திரும்பாமல் இருந்ததே, அன்று உனக்குப் போன் பண்ணி என்ன சொன்னேன், ஒரு குடிகார டிரைவர் வந்து ஏற்றிவிட்டான் என்று சொன்னேனா இல்லையா. அது பொய். குறுக்கே ஆடு ஓடியது, நான் பிரேக் பிடித்தேன், பின்னால் காலி முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரி நிற்க முடியாமல் இடித்தது. டிரைவர் பெயர் கருப்பண்ணன், என் வயசு இருக்கும். இறங்கி ஓடிவந்து முதலில் உன் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தது அவன்தான். பிறகுதான், லைட்டு எரியலீங்கண்ணா, எரிஞ்சிருந்தா நான் நின்னிருப்பேனுங்க என்றான். எனக்கு ஆத்திரம். கூட்டம் சேர்ந்துவிட்டது, கூட்டத்தைப் பார்த்தால் உன் அப்பனுக்கு வாய் நீளும் என்பது உனக்குத் தெரியாததா, குடிச்சுட்டு ஓட்டினா லைட்டு எங்க தெரியும் என்று கேட்டுவிட்டேன். அவன் மேல் எந்த வாசமும் இல்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, கேட்டேன்.

லாரி நாமக்கல்லில் நல்லம்மாள் என்கிற அம்மாவுடையது. புருஷன் போன பிறகு மூன்று லாரிகளையும் தனியாக வைத்து நடத்துகிற ஆள். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், போலீஸ் வேண்டாம், சாலையோரத்தில் முனியப்பன் இருக்கிறார், இரண்டு பேரும் கற்பூரம் அணைத்துச் சொல்லுங்கள், பொய் சொன்னவனை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். நான் பேச்சிலும் சட்டையிலும் பெரிய மனுசன் என்று முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பிரேக் பிடிச்சேன், என் வண்டியில லைட்டு எரிஞ்சுது என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கருப்பண்ணன் கையை நீட்டியபோது நல்லம்மாள், போதும்டா, பெரியவரு சொல்லீட்டாரு, சாவியக் குடு என்று சொல்லிவிட்டார். அவனுக்குச் சத்தியம் பண்ணக்கூட முறை வரவில்லை. எனக்கு உள்ளங்கை மூன்று நாள் எரிந்தது, அதையும் பெருமையாக நாலு பேரிடம் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவனை எங்கே பார்த்தேன் என்கிறாய், நான் நம் மாட்டுக்குத் தீவனம் எடுக்கும் மில்லில். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த ஆள், குனிந்து என் வண்டியில் மூட்டையை அடுக்கிவிட்டு, வாங்கண்ணா சௌக்கியமுங்களா, அக்காவுக்குக் கழுத்து பரவாயில்லீங்களா என்று கேட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, மரியாதை தெரிந்த குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். குறுஞ்செய்தி வந்த அன்றுகூட எனக்குக் கம்பெனி மேல்தான் கோபம் வந்தது, எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று. எங்களை என்பதில் அவன் இல்லை.

போன மாதம் நாங்கள் முப்பது பேர் சர்வீஸ் சென்டர் வாசலில் போய் நின்றோம். அன்பரசு என்னைப் பேசச் சொன்னார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, நீங்க கவனிச்சு ஓட்டியிருந்தா லைட் எரியலைங்கறது தெரிஞ்சிருக்குமே சார் என்றார். எனக்கு வந்தது பார் வீராவேசம். ஏனுங்க, ஓட்டுறவன் எப்படீங்க தன்ற வண்டி பின்னால எரியற லைட்டப் பாப்பான், பின்னால வர்றவனுக்குத்தான தெரியும் என்று கத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேச்சைப் பாதியில் விட்டு ஓரமாக நகர்ந்தேன். நான் பார்க்காத ஒன்றை, பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்த்ததாகக் கற்பூரம் அணைத்தவன் நான், பார்த்தவன் ஒருவன் இருந்தான், அவன் வாயை அடைத்தவனும் நான். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அன்பரசு தண்ணீர் பாட்டில் நீட்டினார். அந்தக் கைதட்டலை யாராவது நிறுத்தமாட்டார்களா என்று இருந்தது.

அப்போதும் உன் அப்பன் நேரே அவனிடம் போய்விடவில்லை, அவ்வளவு யோக்கியன் இல்லை. ஒரு காகிதம் கிடைத்தால் கௌரவமாகப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். என் வண்டியில் ஐப்பசியிலேயே இந்தக் கோளாறு இருந்திருக்கும் என்று கம்பெனி சீல் போட்டு எழுதித் தரட்டும், அதை நல்லம்மாளிடம் நீட்டினால் தப்பு கம்பெனியுடையதாகிவிடும், நானும் பாதிக்கப்பட்டவன் ஆகிவிடுவேன். வின்சென்டிடம் கேட்டேன். மாத்தித் தர்றோம் சார், முன்னாடி எரியலைனு எழுதித்தர எங்களுக்கு அனுமதி இல்லை சார் என்றான். சரி இப்போதாவது சோதித்துப் பார் என்றால், என்னை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, வண்டி ஜில்லென்று குளிர்ந்த பிறகு மிதிக்கச் சொன்னான். எரியுது சார், சூப்பரா எரியுது சார். வெளியே போய் மல்லூர் வரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து மிதித்தேன், அப்போதும் எரிகிறது. முப்பது பேர் தங்கள் லைட் எரியவில்லை என்று அழுகிறார்கள், நான் ஒருத்தன் எரிகிறதே என்று அழுகிறேன். அன்பரசு தனியாகக் கூப்பிட்டு, பழசக் கிளறாதீங்கண்ணா, நம்ம கோரிக்கை வேற, நீங்க வேற ஏதாவது ஆரம்பிச்சுட்டா எல்லாரோட கேசும் கெட்டுடும் என்றார். குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ரோஜாப்பூ நின்றது ஒன்றுதான் லாபம்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை காகிதம் இல்லாமலே நாமக்கல் போனேன். அம்மாவும் வந்தாள், காரில், முன் சீட்டில், கையை வெளியே நீட்டாமல். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஓரத்தில் நல்லம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கம்பெனி, சுவிட்ச், டோக்கன் அறுபத்து மூன்று என்று சுற்றி வளைத்து, எழுதித் தரக் கேட்டேன், தரமாட்டோம் என்கிறார்கள் என்று முடித்தேன். அந்த அம்மா எழுந்திரிக்கக்கூட இல்லை. காயிதம் எதுக்குங்க, அன்னிக்கு நான் காயிதத்தப் பாத்தா அவன வண்டிய உட்டு எறக்குனேன், உங்க வாயப் பாத்து எறக்குனேன், அந்த வாயாலயே சொல்லுங்க, என்கிட்ட வேண்டாம், அவன் முன்னால, இங்க இருக்கற ஆளுங்க முன்னால சொல்லுங்க என்றார். மில்லுக்குப் போன் போட்டுக் கருப்பண்ணனை வரச்சொன்னார்.

அவன் தலையில் தவிட்டுத் தூசியோடு வந்து நின்றான். டீக்கடையிலிருந்து பத்துப் பதினைந்து டிரைவர்கள் டம்ளரோடு வந்துவிட்டார்கள். அன்று மல்லூரில் அவ்வளவு பேசிய அதே வாயைத்தான் சாமி திறந்தேன். என் வண்டியில லைட்டு எரியல, எரிஞ்சுதுன்னு நான் சொன்னது தப்பு, கருப்பண்ணன் சொன்னதுதான் நிசம் என்றேன். ஒருத்தன், அண்ணனுக்கு முதுகுலயும் கண்ணு இருந்துதுங்களாக்கும், இப்பத்தான் அவிஞ்சு போச்சுங்களா என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. முடிந்தது என்று நினைத்தேன். கருப்பண்ணன் சிரிக்கவில்லை. இன்னொண்ணும் சொன்னீங்கல்லண்ணா, அதையும் சொல்லீருங்க என்றான். எனக்கு அவன் கேட்டது புரிந்தது, உன் அம்மாவுக்கும் புரிந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லைட்டு விஷயமாச்சும் மிஷினுங்க, அது ஆருக்கும் வரும், குடிச்சிருந்தேன்னு சொன்னதுதாங்கண்ணா எம்புள்ளைக காதுக்குப் போச்சு என்றான். சத்தம் போடவில்லை. அதற்குக் கம்பெனியைக் கை காட்ட முடியாது, சுவிட்சைக் கை காட்ட முடியாது. அவன் குடிக்கல, குடிச்ச வாசம் எதுவும் எனக்கு வரல, நான் வேணும்னே சொன்னேன் என்றேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நல்லம்மாள் மடியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் போட்டு, நாளைக்கில்ல, இன்னிக்கே சேலத்துக்கு லோடு இருக்குது, எடு என்றார். அவன் தலையிலிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டு போய் லாரியில் ஏறினான்.

நாங்கள் கிளம்பும்போது சாயந்தரம் ஐந்து மணி. லாரியை எங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மேலேயிருந்து, லைட்டு மாத்தியாச்சுங்களாண்ணா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்ப முன்னால போங்க, மெதுவாப் போங்க, நான் பின்னால வாரேன், நடுவுல எவனும் வரமாட்டான், ஊட்டுக்கு நல்லபடியாப் போய்ச் சேருங்க என்றான். புதுச்சத்திரம் வழியாக ஆண்டகளூர் கேட் வரைக்கும் அந்த லாரி எங்கள் பின்னாலேயே, இரண்டு வண்டி தூரம் விட்டு, எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்ஸையெல்லாம் ஒதுக்கிவிட்டுக்கொண்டு வந்தது. நான் கண்ணாடியில் அதையேதான் பார்த்துக்கொண்டு ஓட்டினேன், உன் அம்மா ரோட்டப் பாருங்க ரோட்டப் பாருங்க என்றாள். நாங்கள் ராசிபுரத்துக்குத் திரும்பியதும் அவன் சேலத்துக்கு நேராகப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு அதிகம் பேசவில்லை. சின்னத்தை சொன்னது பலித்துவிட்டது.

சுவிட்ச் இன்னும் வரவில்லை. வின்சென்ட் நேற்றுப் போன் பண்ணி, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் சார் என்று கேட்டான். நான் சொன்னதைக் காகிதத்தில் எழுதமுடியாது.

அம்மா உனக்குப் பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சல் பண்ணி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறோம். குளிர் தொடங்குமுன் நல்ல கம்பளி வாங்கிக்கொள். நாமகிரித் தாயார் உனக்குத் துணை இருக்கட்டும், நோய் நொடியில்லாமல், நல்ல வேலையும் நல்ல தூக்கமுமாக நீண்ட நாள் இரு. ஒன்று மறக்காதே, நீ அங்கே வாங்கியிருக்கும் பழைய காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதி, உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணைப் பின்னால் நிற்கவைத்து எரிகிறதா என்று கேள். எரியவில்லை என்று அவள் சொன்னால் அவளோடு வாதாடாதே.

உன் நலம் நாடும்
அப்பா
குருமூர்த்தி