புளித்தண்ணீருக்குத் தப்பிய வெள்ளிக்காசுகள்

என்னங்க, உங்களைத்தான்.

ஜெயித்துவிட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மனசு மாறிவிடும். நம் நித்யாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். உங்கள் வெள்ளிக்காசுகள் சீர்த்தட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தன, கறுப்பும் நீலமுமாக, நீங்கள் விட்டுப்போன அதே கோலத்தில்.

வெள்ளைக்காரன் காலத்து அந்த ராஜா தலை ரூபாய்களுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? பிரவுன் பேப்பரில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவீர்கள். பொங்கலுக்குக் குத்துவிளக்கு தேய்க்கிற கையோடு அதையும் தேய்த்துவிடுகிறேன் என்பேன். "அது அழுக்கு இல்ல லலிதா. வெள்ளி தானா போட்டுக்கிட்ட கலர். தேய்ச்சா போனது போனதுதான், திரும்ப வராது" என்பீர்கள். வீட்டில் ஒரு சொம்பு கறுத்திருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. என்னிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

நீங்கள் போன பிறகு தடுக்க ஆளில்லை. பெண் நிச்சயத்துக்கு அந்தக் காசுகளைத்தான் தட்டில் வைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. சரி, வைக்கலாம். ஆனால் எப்படி வைப்பது? "அப்பா இல்லாத வீடு, பெருசா எதிர்பார்க்க வேணாம்" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னது என் காதுக்கு வந்திருந்தது. அவர்கள் முன்னால் கறுத்த வெள்ளியை நீட்டினால், நாளைக்கு அந்த வீட்டில் நித்யா அல்லவா பேச்சுக் கேட்க வேண்டும்?

முந்தின நாள் உங்கள் தங்கை வசந்தா அனகாபுத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். நான் பூ வாங்கத் தாம்பரம் மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள் ஒரு காசை எடுத்து, விபூதியும் பல்பொடியும் போட்டுத் தேய்த்தே விட்டாள். மிச்சத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தாள். "எப்படி மின்னுது பாருங்க அண்ணி. நல்ல காரியத்துல கறுப்பு வெள்ளி வைக்கலாமா?" என்றாள்.

சத்தியமாக, முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற காசுகளோடு அதையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்ததும் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து நீலம், ஊதா, ஓரத்தில் தேன் நிறம் எல்லாம் எழுந்து வந்தன. தேய்த்தது மட்டும் எவர்சில்வர் தட்டு மாதிரி வெறிச்சென்று கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நல்லா இருக்கும்னுதானே அண்ணி செஞ்சேன்" என்று வசந்தாவும் அழுதாள்.

அன்றைக்கு அந்தப் புளித்தண்ணீர் ரசமாகிவிட்டது. வாய்க்கு ருசியாகவே இருந்தது, உங்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

தட்டு மாற்றும்போது சம்பந்தியம்மா ஒரு காசை எடுத்தார். பல்லாவரத்தில் டீச்சர், பார்வையே பரீட்சைத் தாள் திருத்துகிற பார்வை. "என்னங்க இது, கறுத்திருக்கு?" என்று கேட்டார். மண்டபமே என்னைப் பார்த்தது. நித்யா முகம் சுருங்கிவிட்டது. சபையில் நான் என்றைக்கு வாய் திறந்திருக்கிறேன்? அன்றைக்குத் திறந்தேன்.

"கறுப்பு இல்லைங்க. ஓரத்தை மட்டும் பிடிச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க."

சாய்த்தார். காசை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு, "அட, புறாக் கழுத்து மாதிரி இருக்கே" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கை நீட்ட ஆரம்பித்தார்கள். "ஓரத்தைப் பிடிங்க, முகத்துல விரல் படக்கூடாது" என்று உங்கள் குரலிலேயே நான் அதட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தேய்த்த காசையும் எடுத்துப் பக்கத்தில் காட்டினேன். "அது நான் பண்ணின வேலை" என்று வசந்தா தானாகவே சொல்ல, சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இவ்வளவு பத்திரமா யாரு வச்சிருந்தது?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"பொண்ணோட அப்பாதாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பந்தி போடுகிற வரைக்கும் உங்களைப் பற்றித்தான் பேச்சு. என்ன வேலை பார்த்தார், எப்படிச் சேர்த்தார், கோபக்காரரா என்றெல்லாம் கேட்டார்கள். அப்பா இல்லாத வீடு என்று அங்கே ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நித்யா சாப்பிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உங்களுக்கு அது தெரிந்ததா?

மற்ற காசுகள் கல்யாணத்துக்குப் பிறகு அவளோடுதான் இருக்கும். துணிகூடப் படாது என்று சம்பந்தியம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார். தேய்த்த காசு என்னிடம். உங்கள் பிரவுன் பேப்பரில் சுற்றி, அதே அட்டைப் பெட்டியில், அதே பீரோவில் வைத்துவிட்டேன். இனி என் கை அதன்மேல் படாது, இது சத்தியம். போன நிறம் திரும்ப வராது என்றீர்களே, எப்படி வராமல் போகிறது என்று நானும் பார்க்கிறேன்.

இன்னும் சண்டையை விடாத
உங்கள் மனைவி,
லலிதா