இல்லாத நாட்டோடு சண்டை

செப்டம்பர் 21, ஞாயிறு

சார்ஜானே, இன்று உங்கள் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். போட ஆள் இல்லை. ஆனாலும் அலமாரியில் வாடை பிடிக்கிறது.

விமானத் தளத்து ரேடியோ அறையில் நீங்கள் கோப்ரலாகத்தான் ஓய்வு பெற்றீர்கள். அதற்கு மேல்படியான சார்ஜான் பட்டம் நான் கொடுத்தது. கடைசிவரை அப்படிக் கூப்பிட்டால் மட்டும்தான் திரும்பிப் பார்த்தீர்கள்.

பைராம் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் எழுதுகிறேன். பிழை இருக்கும். இருக்கட்டும்.

செப்டம்பர் 24, புதன்

உங்கள் தங்கை கோகிலா சிங்கப்பூரிலிருந்து மகன் விஷயமாகப் போன் செய்தாள். "அண்ணி, ராகவன் அடுத்த மாசம் அண்ணன் வேலை பார்த்த பட்டர்வொர்த் தளத்துக்கு வர்றான். அஞ்சு நாட்டு மிலிட்டரி சேர்ந்து பயிற்சி செய்யுமே, அண்ணன்கூட வருஷா வருஷம் போவாரே, அதுக்குத்தான். ஒரு நாள் லீவு குடுப்பாங்களாம். வீட்டுக்கு வரலாமான்னு கேக்குறான்."

"பார்ப்போம்" என்றேன்.

அவள் சரி என்றாள். பிறகு மழையைப் பற்றிக் கேட்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

எதற்கு வர வேண்டும்?

செப்டம்பர் 27, சனி

நான் வேலை பார்க்கும் கென்டீனில் இன்று அரை நாள்தான். பாயான் லெப்பாஸிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போன தீபாவளிதான் மனதில் ஓடியது.

ராகவனுக்கு அப்போது முடி வெட்டிப் புதிது. சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் இரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தாக வேண்டும். அவனை ஆபீசர் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். இலையில் உட்கார்ந்துதான் நீங்கள் கேட்டீர்கள். "நாளைக்கு எங்க நாட்டுக்கும் ஒங்க நாட்டுக்கும் சண்டை வந்தா எந்தப் பக்கம்டா நிப்ப?"

சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான். "நிக்கச் சொல்ற பக்கம் மாமா."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினீர்கள். அதற்குப் பிறகு அவன் போன் செய்தால் எடுக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் போயே போய்விட்டீர்கள்.

நமக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகன்தான் கொள்ளி வைப்பான் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். அன்றைக்கு அவன் புருணைக் காட்டில் பயிற்சியில் இருந்தான். போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். கொள்ளி வைத்தது உங்கள் சின்னையா மகன். நீங்கள் முகம் கொடுத்தே பேசாத ஆள் அவன். ஒரு மனுஷனுக்குத் தாய்மாமன் செத்தது தெரியாமல் போகுமா? யாராச்சும் ஓடிப்போயி சொல்ல மாட்டாங்களா? என்ன பெரிய காடு அது?

அழுகை வரவில்லை. கோபம்தான்.

மார்கழிக் கடைசியில் தலைத்திவசம் வருகிறது. அதையும் சின்னையா மகனே செய்யட்டும். ராகவன் வேண்டாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்துல் ரசாக் அண்ணன் கடைக்குத் தேத்தண்ணி வாங்கப் போனேன். நீங்கள் உட்காரும் மேசையை இன்னும் சுவரோரம்தான் போட்டு வைத்திருக்கிறார். கோகிலா அவரிடமும் பேசிவிட்டாள் போலிருக்கிறது.

"வரட்டும்லா. பிள்ளை என்ன செய்வான்?"

"காட்டுக்குள்ள இருந்தானாம் அண்ணே. அவங்க ஊர்ல இல்லாத காடா?"

"அவங்க ஊர்ல காடு எங்க இருக்கு? கட்டடந்தான் இருக்கு. அதான் புருணைக்காரன் காட்டைக் குடுக்குறான். சின்ன ஊருங்க அப்படித்தான்மா, ஒண்ணுக்கு ஒண்ணு இரவல் குடுத்துத்தான் பொழைக்கணும். நான் சீனி தீந்தா பக்கத்துக் கடையில வாங்குறேன்ல?"

"சீனியும் சண்டையும் ஒண்ணா?"

"சீனிக்குத்தான் இங்க சண்டையே வருது" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "மாமா கோப்ரலு, மருமகன் ஆபீசரு. நம்மாளு இருந்திருந்தா சலாம் அடிக்கணும். அத நான் பாத்திருக்கணும்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதிரி இருந்தது.

அக்டோபர் 8, புதன்

காலையிலிருந்து விமானச் சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சத்தத்தை வைத்தே எந்த நாட்டு விமானம் என்று சொல்வீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது.

கோகிலாவுக்கு போன் செய்து "வரச் சொல்லு" என்றேன். சோறு போடத்தான். திவசம் வேறு விஷயம்.

அக்டோபர் 12, ஞாயிறு

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிக் கடல் தாண்டி வந்தான். கறுப்பு டீசட்டை, ஒட்ட வெட்டிய தலை. "ஊருக்குள்ள யூனிபோர்ம் போடக்கூடாது அத்தை" என்றான். நான் கேட்கவே இல்லை.

உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றான். கும்பிடவில்லை. இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, நேராக. கண் மட்டும் சரியில்லை.

சோறு போட்டேன். அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"மேப்ல அடையாளம் போடுற வேலை."

"யாரோட சண்டைன்னு போடுவீங்க?"

"இல்லாத நாட்டோட."

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். "நெசமாத்தான் அத்தை. அஞ்சு நாடும் உக்காந்து ஒரு நாட்டைப் புதுசா உண்டாக்கும். அதுக்குப் பேரு வைப்பாங்க, மேப்ல இடம் போடுவாங்க. அதுதான் எதிரி. நெசமான பேரைச் சொன்னா யாருக்காச்சும் மனசு கசந்துரும்ல?"

"ஒங்க மாமா காலத்துலயும் இப்படித்தானா?"

"அப்பவும் இப்படித்தான்னு எங்க மேஜர் சொல்வாரு. மாமாவும் எங்க ஊரு ஆளுங்க பக்கத்துல உக்காந்துதான் ரேடியோ பேசியிருப்பாரு. அவருக்குத் தெரியாம இருக்குமா?"

நான் ரசத்தை எடுக்க அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"காட்டுலேருந்து வெளிய வந்ததும் போனைக் குடுத்தாங்க அத்தை. அம்மா மெசேஜ் இருந்துச்சு. அப்பவே எல்லாம் முடிஞ்சிருச்சு. லோரிக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன்." பிசைவதை நிறுத்திவிட்டு, "மாமா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான். "திவசம் எப்ப வருது அத்தை? இப்பவே லீவு எழுதிக் குடுத்தாத்தான் கிடைக்கும்."

தேதியைச் சொன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று உங்கள் திவசம். ராகவன் முந்தாநாளே வந்துவிட்டான். உங்கள் வேட்டிதான் கட்டினான். இடுப்பில் நிற்காமல் ரசாக் அண்ணன் பெல்ட் கொடுத்தார். கடலில் பிண்டம் கரைத்துவிட்டு நனைந்து வந்தவனை, "ஆபீசருக்குக் குளுருதா?" என்று அவர் கேட்டதற்கு, "கோப்ரல் மாமா முன்னால குளுரலாமா?" என்றான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் இலையில் உங்களுக்கு வைத்துவிட்டு அவனுக்கு வைத்தேன். முழுவதும் சாப்பிட்டான். இப்போது கூடத்தில் தூங்குகிறான். உங்களைப் போலவே வாயைத் திறந்துகொண்டு.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வருஷா வருஷம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத ஒரு நாட்டோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர் நீங்கள். யாரும் யாரையும் பெயர் சொல்லி எதிரி என்று கூப்பிடவில்லை. அது தெரிந்தும் நம் வீட்டு இலையில் வைத்து இவனிடம் போய் எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே. அன்றைக்கு எதை நினைத்துப் பயந்தீர்கள், சார்ஜானே?