மாடி இறங்கிய பானை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பானைக்குள் ரப்பர் பல்லி. நறுக்கிய வெங்காயத்தின் மேல் மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்ணாடி மூடியைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். சுவிட்ச் போட வந்த அப்பா குனிந்து பார்த்தார். "இது எவ்வளவு நேரம் வேகணும்?" என்று கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போய்விட்டார். பஸ் ஓட்டுகிறவர்களைப் பயமுறுத்துவது வீண் வேலை.

பானை என்றால் கரண்டுப் பானை. பெட்டியில் ஸ்லோ குக்கர் என்று போட்டிருக்கும். நான் வைத்த பெயர் சோம்பேறி. காலையில் எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டால் போதும், அது பாட்டுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்து, சாயங்காலம் ஒரு முடிவுக்கு வரும். அம்மா பார்சல் கிடங்கில் ஷிஃப்ட் போய்க்கொண்டிருந்தபோது வாங்கியது. ஒருத்தர் வீட்டுக்குள் வரும்போது இன்னொருத்தர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். ஆளுக்கொரு நேரம் வந்து ஆளுக்கொரு கரண்டி போட்டுக்கொள்வோம்.

இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். இன்றைக்கும் போய்விட்டு வந்தாள். அதனால் சோம்பேறிக்கு நான்தான் முதலாளி.

டாக்டர் சொன்னாராம்: "எடை இன்னும் எறங்கினா மருந்து குடுக்க முடியாது." ஆகவே என் வேலை ஒன்றே ஒன்று. அம்மாவைச் சாப்பிடவைப்பது.

மார்ச் 5, வியாழன்

கோழி, பீன்ஸ், கேரட். தம்பிக்கு மூன்று தட்டு. அம்மாவுக்கு இரண்டு ஸ்பூன், அதிலும் ஒன்று எனக்காக.

மார்ச் 9, திங்கள்

வாசனை போதவில்லை என்று தீர்மானித்தேன். பூண்டை இரண்டு மடங்காக்கி, வெங்காயத்தை வதக்கிப் போட்டேன். நாள் முழுக்க வீடு மணத்தால் யாருக்குத்தான் பசிக்காது?

தம்பிக்கு நான் வைத்த பெயர் குண்டூசி. ஒல்லி, ஆனால் குத்துவான். அவன் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றான். "வாசனை கீழ வரைக்கும் வந்து என்னைக் கூட்டிட்டு வந்துச்சும்மா."

"பையத் தூக்கிட்டு வந்துச்சா?" என்றாள் அம்மா.

"இல்ல. அதான் வருத்தம்."

அம்மா சிரித்தாள். சாப்பிடவில்லை. "மதியமே சாப்பிட்டேன் வாலு" என்றாள். தட்டு எதுவும் கழுவி வைத்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

இன்னும் பூண்டு.

மார்ச் 17, செவ்வாய்

பள்ளியில் தண்ணீர்க் குழாய் உடைந்து மதியமே அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரு அதிர்ச்சி கொடுக்கலாம் என்று சாவி சத்தமே வராமல் திறந்து, பூனை மாதிரி உள்ளே போனேன்.

அம்மா இல்லை. கட்டிலில் இல்லை, குளியலறையில் இல்லை. சோம்பேறி மட்டும் மூடி தடதடக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. என்னவெல்லாமோ நினைத்தேன், அதை எழுத மாட்டேன்.

மொட்டைமாடிக்குப் போகும் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே கம்பளிப் போர்வை. கதவு இடுக்கில் வரும் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு. பக்கத்தில் எங்கள் வீட்டுத் துணி வாளி.

"என்ன வாலு, ஸ்கூல்ல துரத்திட்டாங்களா?"

"பைப் ஒடைஞ்சு போச்சு. நான் ஒடைக்கல."

"நீ சொன்ன பிறகுதான் சந்தேகமே வருது."

அப்புறம்தான் வாளிக்குள் பார்த்தேன். "இங்க என்னம்மா பண்ற?"

"காத்து வாங்குறேன்."

"வாளியோடயா?"

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அந்த வாசனை தாங்கல கண்ணு. மருந்து ஏத்த ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படித்தான். வெங்காயம் வேகுற வாசனை பட்டாலே குடலப் புரட்டுது. நீங்க போனதும் இங்க வந்துருவேன். நீங்க வர்ற நேரத்துக்கு எறங்கிருவேன்."

"சொல்லவேண்டியதுதானே?"

"சின்னவன் கதவத் தொறந்ததும் மோந்து பாக்குறானே, அந்த மூஞ்சியப் பாத்திருக்கியா? அத நிறுத்துன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நான் பூண்டு பூண்டாக உரித்துப் போட்டேனே. ஒவ்வொரு நாளும் கூடுதலாகப் போட்டேனே. இந்தம்மா அந்தக் குளிரில் சிமெண்டுப் படியில… சே, நான் என்ன ஜென்மம்.

உள்ளே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன். குண்டூசி வந்து மூக்கைத் தூக்கினான். ஒன்றும் இல்லை. "வீடு ஏன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?" என்று கேட்டான்.

மார்ச் 18, புதன்

கீழ்த்தளத்துத் தையல்காரரிடம் போனேன். கடையில் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் சும்மா இருப்பது எனக்குத் தெரியும்.

"மாமா, ஒரு வாடகைக்காரர். சத்தம் போட மாட்டார். நாள் முழுக்க ஒரே எடத்துல உக்காந்திருப்பார்."

"உன் கூட்டாளி ஒருத்தன்கூட அப்படிக் கெடையாதே" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து துணிக்கட்டுகளை நகர்த்தி இடம் பண்ணினார்.

அப்பாதான் தூக்கிக்கொண்டு இறங்கினார். சோம்பேறிக்கு இடமாற்றம்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று மருந்து ஏற்றும் நாள். அம்மா வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கீழே வேறு பிரச்சினை. யாரோ வாடிக்கையாளர், "உங்க கடையில தச்ச பேண்ட்டப் போட்டாலே பசிக்குது" என்றாராம். தையல்காரர் சொல்கிறார், "பேண்ட்ட லூஸா தைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்கு லாபம்தான்." இதை அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தபடியே தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். சிரிப்புத்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

ஒன்றைக் கவனித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூவரும் தையல்கடையில், துணி வெட்டும் மேஜையைச் சுற்றி. அப்பா சிரிக்கிறார், குண்டூசி நூல்கண்டை உருட்டுகிறான். மேலே அம்மா தனியாக, ஜன்னல் திறந்த வீட்டில்.

வாசனையைத்தானே கீழே அனுப்பினோம். நாமும் ஏன் கூடவே இறங்கிவிட்டோம்?

தட்டை வைத்துவிட்டு மேலே வந்தேன். வாயைக் கொப்பளித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, வெறும் ரொட்டியும் வெள்ளரிக்காயும் எடுத்து அவள் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"ஏன், சமையல் கேவலமா?"

"சமையல்காரி சரியில்ல."

வெள்ளரிக்காயில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். கடித்தாள்.

ஏப்ரல் 4, சனி

குளிர்ந்ததற்கு வாசனை இல்லை! இதைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாளா?

நேற்று கீழே கோழிச் சாற்றை நாள் முழுக்கக் காய்ச்சி, வடிகட்டி, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் அது ஜெல்லி மாதிரி உறைந்து தளதளவென்று ஆடியது. "இது யாரோட தொப்பை?" என்றாள் அம்மா. அப்பாவைப் பார்த்தோம். அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டப்பாவில் பாதி சாப்பிட்டாள். பாதி! வாந்தி எடுக்கவும் இல்லை. நான் குளியலறைக் கதவருகே காதை வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

தினமும் ஒரு டப்பா. குண்டூசிதான் ஊட்டுகிறான். ஜெல்லி வழுக்கி விழுந்தால், "கோழி தப்பிச்சிருச்சு" என்று துரத்துகிறான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

மருந்து நாள். மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். "அதுக்குள்ளயா?" என்றேன். "இன்னைக்குக் கூட்டம் இல்ல" என்றார் அப்பா. எடை எவ்வளவு என்று கேட்டேன். எறங்கல என்றார். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். அப்பா அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 22, புதன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் அம்மா கேட்டாள்: "அந்தச் சோம்பேறி இன்னும் கீழதான் இருக்கா? மேல கொண்டாங்களேன். நேத்து படிக்கட்டுல வாசனை வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

நல்லா இருந்துச்சு. அம்மா வாயிலிருந்து. குண்டூசி கட்டிலில் ஏறிக் குதித்தான். நான் அவனைவிட உயரமாக.

சாயங்காலம் அப்பா பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்துவைக்க குண்டூசி முன்னால் ஓடிவிட்டான். நான் பின்னால் மூடியோடு வந்தேன். வாய் ஓயவில்லை. "பாத்தியாப்பா, ஒடம்பு மருந்துக்குப் பழகிருச்சு. என் ஜெல்லிதான். டாக்டர்கிட்ட சொல்லு, கோழி டாக்டர்னு ஒருத்தி இருக்கான்னு."

இரண்டாவது திருப்பத்தில் அப்பா நின்றார். பானையை ஜன்னல் திட்டில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, பானையையே பார்த்தார்.

"மருந்த நிறுத்திட்டாங்கம்மா."

"அதான், கொணமாயிடுச்சுன்னா—"

"இல்ல." பானையைப் பிடித்த துணியை இழுத்து மடித்தார். "மருந்துக்குக் கேக்கலியாம். இன்னும் ஏத்தினா ஒடம்பு தாங்காதுங்குறாங்க. மருந்து எறங்க எறங்க வாசனையெல்லாம் புடிக்குமாம், பசிக்குமாம். நல்லாச் சாப்பிடட்டும்னு சொன்னாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதான் உங்கிட்ட சொல்லச் சொன்னா. எனக்குத்தான் அன்னைக்கு வாய் வரல. நீ ஆடிட்டிருந்தே."

மேலேயிருந்து குண்டூசி கத்தினான்: "பானை எங்கப்பா? பஸ் லேட்டா?"

அப்பா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "டிராஃபிக்குடா" என்று குரல் கொடுத்தார். தூக்கினார். ஏறினோம்.

அம்மா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடி மோந்தாள். "உருளைக்கிழங்கு. மிளகு. வாலு, பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி."

இரண்டு கரண்டி சாப்பிட்டாள். சூடாக. நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், எனக்கு அது வரும்.

ஏப்ரல் 23, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 2, சனி

குண்டூசியிடம் அம்மாவே சொன்னாள். நான் வெளியில் நின்றேன். அவன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது: "அப்ப ஏன் சாப்பிடுறே?"

"பசிக்குதுடா. நீங்க வைக்கிறது நல்லா வேற இருக்கு."

மே 10, ஞாயிறு

அப்பா லீவு போட்டுவிட்டார். அம்மா கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். நாலு பேரும் நாள் முழுக்க வீட்டில். இந்தப் பானை வாங்கின காலத்திலிருந்து இப்படி இருந்ததே இல்லை. அவசரமாக ஓடுகிறவர்களுக்கான பானை இது. இப்போது யாருக்கும் எங்கேயும் போகவேண்டாம். இருந்தும் காலையிலேயே எழுந்து கேரட் வெட்டினேன். குண்டூசி உருளைக்கிழங்கு தோலை உரித்து ஒரே நீளமாக அப்பா தோளில் மாலை போட்டான்.

சுவிட்சை 'லோ'வில் வைத்தேன். அதில் வைத்தால் இருட்டும்வரை வேகும், 'ஹை'யில் என்றால் மதியமே ஆகிவிடும்.

"எப்ப ஆகும்?" என்றாள் அம்மா.

"சாயங்காலம்."

"அவ்வளவு நேரமா?"

"இன்னைக்கு மெதுவா ஆகட்டும்மா."

என்னையே பார்த்தாள். கை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினாள். விரலில் பலமே இல்லை.

"பசிக்குதுடி வாலு."

எழுந்துபோய் 'ஹை'யில் வைத்தேன்.