அக்கா வீட்டில் சம்பங்கி பூத்துவிட்டது

என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் உட்கார், சேதி பெரிசு. கனடாவில் அக்கா வீட்டில் உன் சம்பங்கி பூத்துவிட்டது. இப்போதுதான் போன் வந்தது. ஆயர் குரோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் லோரியை ஓரம் கட்டிவிட்டு எழுதுகிறேன். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாது.

உன் காரியத்துக்கு வந்த அக்கா, முறையாக அனுமதிப் பேப்பர் எடுத்து, உன் சம்பங்கிக் கிழங்கு கொஞ்சம் கொண்டுபோனாள். அதற்கப்புறம் அப்பா கார் நிறுத்த வேண்டுமென்று நம் டுரியான் துங்கால் வீட்டு முன்பக்கம், உன் செடிகள் இருந்த இடம் முழுக்க சிமெண்டு போட்டுவிட்டார். அக்காவிடம் இருப்பதும் செத்தால் உன் கைச்செடி என்று எங்கேயும் ஒன்றும் இல்லை.

அந்த ஊர்க் குளிரில் மண்ணே கல்லாக உறையும், அம்மா. அதற்கு முன்பே கிழங்கைத் தோண்டி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் தூங்கவிட வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். படிப்பைப் பாதியில் விட்டவன் சொன்னால் அக்கா கேட்பாளா?

“இலை மஞ்சளாவுதுடா. தண்ணி ஊத்தாம எப்படி விடுறது? அம்மா செடிடா.”

“சாகல லா, தூங்கப் போவுது. தோண்டி எடு அக்கா.”

எடுத்தாள். எடுத்து, தட்டில் பரப்பி, உன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் உன்னைப் போலவே வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளிப்பவள், நல்லது நடக்கட்டும் என்று கிழங்குக்கும் தெளித்திருக்கிறாள். வீடியோவில் காட்டினாள். பாதிக்கு மேல் கொழகொழவென்று இருந்தது.

“சாமி கும்புடுறியா, ஊறுகா போடுறியா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “அம்மாவ ரெண்டாவது தடவ சாகடிச்சிட்டேன்டா.”

கேலியை விட்டுவிட்டுச் சொன்னேன்: “கெட்டியா இருக்கிறத மட்டும் தனியா எடு. மத்தத தூக்கிப் போடு. அழுதுகிட்டே செய், பரவால்ல.”

தேறியது மூன்றே மூன்று. அட்டைப் பெட்டியில் வைத்தாள். சாமி மேடைப் பக்கமே கொண்டுபோகக் கூடாதென்று சத்தியம் வாங்கினேன். குளிர் விட்டதும் தொட்டியில் நட்டாள். வெயில் காலம் முழுக்க வெறும் புல் மாதிரி இலைதான். தண்டு வந்து மொட்டு வைத்த நேரம் பார்த்து, மறுபடி உறைபனி வருகிறது என்று செய்தி. தொட்டியோடு உள்ளே தூக்கு என்று போனில் கத்தினேன். தூக்கி சன்னலோரம் வைத்தாள்.

இன்றைக்கு அடி மொட்டு விரிந்துவிட்டது.

“வீடே மணக்குதுடா. மச்சான் தூக்கத்திலேருந்து எந்திரிச்சு வந்து, என்ன சென்ட்டுன்னு கேக்குறாரு.”

“எங்கம்மான்னு சொல்லு.”

“சொல்லிட்டேன்” என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்துக் கேட்டேன்.

அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: “அந்தக் குளுருல அதுக்கு ஒன்னும் ஆவாதே? வெளிய வைக்க வேணாம்னு சொல்லு.” சிமெண்டு போட்ட அதே மனிதர்தான், அம்மா.

உனக்கு மணம் வருகிறதா, அம்மா? எனக்கு இங்கே டீசல் வாடைதான்.

பூ உதிர்ந்ததும் மறுபடி தோண்ட வேண்டும், காயவைக்க வேண்டும், சுற்ற வேண்டும். எந்த வேலையையும் முழுசாக முடிக்க மாட்டான் என்று என்னைச் சொல்வாயே. இதையும் முடிக்க மாட்டேன். குளிர் வரும்போதெல்லாம் அக்காவைப் போனில் பிடித்து விரட்டிக்கொண்டே இருப்பேன்.

உன் வாயாடிக் கடைக்குட்டி