இரவல் குதிகால்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். அப்பாவின் இருமல் நின்றதா?

டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லி உன் குதிகால் வெடிப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேனே, எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. நாங்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கும் சினிமாவில் ஒரு கிழவி நடந்து வருகிறாள். அவள் காலுக்கு நீ அனுப்பிய படத்திலிருந்து உன் தோலைத்தான் எடுத்துப் போர்த்தினேன். வெடிப்பின் ஆழம் தெரிய, வெயிலைப் பக்கவாட்டில் சாய்த்து விழவைத்தேன். "அசல் காலேதான்டா!" என்று ஆபீஸே கொண்டாடியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. டைரக்டர் மட்டும், "பாவம், நடக்க ரொம்ப வலிக்கும்ல?" என்று உச்சுக்கொட்டினார். இல்லாத கிழவிக்காக அவர் கேட்டதை நான் உன்னிடம் கேட்கவே இல்லை.

யாருக்காகவும் காத்திருக்காமல் களிம்பு வாங்கித் தடவு. உன் முகத்தையும் ஒரு படமெடுத்து அனுப்பு. வேலைக்காக இல்லை, நான் பார்க்கத்தான். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

ரொம்ப வலிக்குதாம்மா?

உன் மகன்