பத்தாவது தாமதம்

02.06.2025, திங்கட்கிழமை, மாலை 6.20
குறிப்பு எண் 153

மாங்கூழ் ஆலையில் இன்று வருகை 64; தாமதம் 1. காலை 8.00 மணிக்கு நான் பெயர் வாசிப்பேன். அடுத்த பெயருக்குப் போவதற்குள் "இருக்கேன்" என்று குரல் வர வேண்டும், வராவிட்டால் தாமதம். பத்துத் தாமதமானால் பெயர் நீக்கம். விதியை வகுத்தவன் நானல்லன். ஆனால் நாற்பத்தோர் ஆண்டுகள் பதிவேடு எழுதிய கை, விதியை மீறியதில்லை.

கலைமதி, பழம் பிரிக்கும் பிரிவு, பணியில் சேர்ந்தது 19.05.2025. பேச்சு திக்கும். இன்றும் அவர் வாயெடுப்பதற்குள் பின்வரிசையில் "இ... இ... இ..." என்று கூட்டமாக இழுத்தார்கள். மேற்பார்வையாளர் சந்திரமோகன், "அது பொங்கலுக்குள்ள சொல்லிருமுங்க பாய், நீங்க அடுத்த பேரைப் படிங்க" என்றார். படித்தேன். அவருக்கு இது ஒன்பதாவது தாமதம்.

03.06.2025, செவ்வாய், மாலை 6.05
எண் 154

பத்தாவது. பெயரைச் சிவப்பு மையால், அளவுகோல் வைத்து அடித்தேன். கலைமதி என் மேசைக்கு வந்து "ஐ... ஐ..." என்று நின்றார். "ஐஸ் வேணுமாம் பாய், வாங்கிக் குடுங்க!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

04.06.2025, புதன், காலை 5.50
எண் 155

கலைமதி தினமும் எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்றார். என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே தாமதம் என்று எழுதினேன். ஒரு முறையா? பத்து முறை — என்ன மனுசன்டா நீ?

06.06.2025, வெள்ளி, இரவு 7.30
எண் 157

சந்திரமோகனிடம் பேசினேன். கேலியை நிறுத்த வேண்டும், அந்தப் பெண்ணைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றேன்.

"அட, சும்மா தமாசுங்க பாய். எழுதினது உங்க கைதானுங்களே? இப்ப மாத்தினா மாட்டறது யாருங்க?"

நியாயமான கேள்வி.

09.06.2025, திங்கள், மாலை 6.40
எண் 160

சனிக்கிழமை பக்ரீத். ஓசூரிலிருந்து மகன் அப்சல் வரவில்லை. தொலைபேசியில் நான்கு நிமிடம் பேசினான். இன்று வழக்கம்போல் ஆலைக்குப் பிரியாணி கொண்டுபோனேன். சென்ற ஆண்டு சண்டை போட்டுச் சாப்பிட்டார்கள். இம்முறை சந்திரமோகன், "தின்னா அதையும் நோட்டுல ஏத்திருவாருங்க" என்றார். ஒருவரும் அருகில் வரவில்லை. தூக்குப்பாத்திரம் அதே கனத்தோடு வீடு திரும்பியது.

மனைவி ஹாஜிரா இருந்திருந்தால் — இல்லை. அவள் போய் ஆறு ஆண்டு, இரண்டு மாதம்.

12.06.2025, வியாழன்
எண் 163

தேநீர் இடைவேளையில் நான் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியாயிற்று.

15.06.2025, ஞாயிறு, மாலை 4.10
எண் 166

மாரண்டஹள்ளியில் பேருந்து இறங்கி, கலைமதியின் வீட்டுக்கு நடந்தேன். அவருடைய தாய் சின்னம்மாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "ஏழு மணிக்கே வூட்டை விட்டுக் கெளம்புவாளுங்க. லேட்டுன்னு பேரை அடிச்சுப்புட்டாங்களாமே, எந்தப் புண்ணியவானுங்க அது?"

"நான்தாங்க அம்மா."

கலைமதி வெளியே வந்தார். சொல்லத் தொடங்கினார், சொல் தடுக்கியது. நான் இடையில் நுழையவில்லை, சொல்லை எடுத்துக் கொடுக்கவுமில்லை. முழுமையாக வந்தது இது:

"அவங்க சிரிச்சாங்க. பழகினதுதானுங்க. நீங்க எழுதினீங்க."

புகாராக எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார். வெயிலில் நின்றேன். தாளோடு திரும்பி வந்தார்.

17.06.2025, செவ்வாய், மாலை 5.30
எண் 168

காலையில் வாசிப்புக்கு முன் அறிவித்தேன்: இனிக் குரல் வேண்டியதில்லை, முகம் பார்த்து எழுதுவேன். "பாய்க்குக் கண்ணு தெரியுமாங்க?" என்றார்கள். சிரிப்பு. இன்று வருகை 63, தாமதம் இல்லை. என்னோடு யாரும் பேசவில்லை.

மாலை 4.20-க்கு முதலாளிக்குப் பதிவு அஞ்சல். நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கு. கடிதத்துடன் இணைத்தவை:

1. வருகைப் பதிவேட்டின் நகல், மூன்று பக்கங்கள்.
2. பத்துப் பதிவுகளும் பொய், எழுதியவன் நான் என்னும் ஒப்புதல், கையொப்பத்துடன், ஒரு பக்கம்.
3. கலைமதி தம் கைப்பட எழுதிய புகார், இரண்டு பக்கங்கள்.
4. என் பணிவிலகல் கடிதம், ஒரு பக்கம். தேதி இடவில்லை. அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டபின், முதலாளி தமக்கு ஏற்ற நாளை இட்டுக்கொள்ளலாம்.