மருந்து அறையில் பத்தரை மணி நேரலை

அனுப்புநர்:
த. சின்னத்தாய் (வயது 38),
க/பெ. தங்கச்சாமி,
கிழக்குத் தெரு, ஏழாயிரம்பண்ணை,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: பட்டாசுத் தொழிற்சாலையின் மருந்து அறைக்குக் கைபேசியைக் கொண்டுவந்து செயலியில் நேரலை காட்டுவதைத் தடுத்து நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினான்கு வருடமாக ஒரே பட்டாசுத் தொழிற்சாலையில் பூச்சட்டிப் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தேன். தொழிற்சாலையின் பெயரும் உரிம எண்ணும் தனித்தாளில் உள்ளன. இம்மாதம் 13ஆம் தேதி முதல் எனக்கு வேலை இல்லை. அதற்கான காரணத்தைத் தங்கள் முன் வைக்கவே இம்மனு.

2. காலையில் வாயிற்கதவிலேயே கைபேசி, கொலுசு, சேலை ஊக்கு எல்லாவற்றையும் காவலாளியிடம் கொடுத்துவிடுவோம். அறை வாசலில் பதித்த செம்புத் தகட்டை வெறுங்காலால் மிதித்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் போக்கிய பிறகே உள்ளே போவோம். ஓர் அறைக்கு நான்கு பேர்தான். பருத்திச் சேலை தவிர வேறு உடுத்தக் கூடாது. மற்றத் துணி உரசினால் பொறி வரும். இதெல்லாம் எங்கள் உயிருக்காகப் போட்ட சட்டம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

3. ஆடி முடிந்ததும் கம்பெனி தன் பெயரில் ஒரு கைபேசிச் செயலி விட்டது. அதைத் திறந்தால் விலைப் பட்டியல், வெடிக்கும் படம், பரிசுக் கூப்பன் எல்லாம் வரும். அதோடு தினமும் காலை பத்தரைக்கு, ‘உங்கள் பட்டாசு தயாராவதை நேரில் பாருங்கள்’ என்று நேரலை. அதில் வந்தவர்கள் நாங்கள் நால்வர். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரும்புத் தாங்கியில் கைபேசியை மாட்டி, சார்ஜ் வயரோடு மருந்து அறை வாசலில் நிறுத்தினார்கள். அதைப் பிடித்துக்கொள்ள ஐந்தாவதாக ஓர் ஆள். ஊக்கைக் கழற்றி வாங்கிய அதே கேட் வழியாகத்தான் அத்தனையும் உள்ளே வந்தன.

4. என் தப்பையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் வாரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெம்பக்கோட்டையில் கட்டிக்கொடுத்த என் தங்கை கூப்பிட்டு, “யக்கா, ஒன்னய போன்ல பாத்தேன். சேலைதான் வெளுத்துப் போயிருக்கு, நல்லதா ஒண்ணு கட்டக் கூடாதா?” என்றாள். மறுநாள் பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பூனம் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பூனம் என்றால் முழுக்க முழுக்கப் பாலியெஸ்டர், ஐயா. பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் செய்யாத காரியம். திருப்பி அனுப்ப வேண்டிய போர்மேன் ராக்கப்பன், “அம்புட்டு நல்லா இருக்கீகம்மா, நாளைக்கும் இதே மாதிரி வாங்க” என்றார். என்னைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் சினேகாவும் மினுமினுப்பாக ஒன்று கட்டிவந்தாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. நானே கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்த பிள்ளை.

5. கடந்த 11.09.2025 வியாழக்கிழமை, நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்து அலறியது. பிடித்திருந்த ஆள் பதறியதில் இரும்புத் தாங்கி சரிந்து சிமெண்டுத் தரையில் கரகரவென்று இழுபட்டது. இரும்பு தரையில் உரசினால் பொறி பறக்கும்; அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம், ஓடுவோம். ஓடும்போது என் காலைச் சுற்றிய பூனம் சேலைதான் என் நினைப்பில் இருந்தது. சினேகா அறையைச் சுற்றிப் போட்டிருக்கும் மண் கரையில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நெருப்பு வரவில்லை. வந்திருந்தால் இந்த மனுவை எழுத ஆள் இருந்திருக்காது.

6. கைபேசி கீழே கிடந்தபடியே நாங்கள் ஓடுவதைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் சிரிக்கிற பொம்மையாக அனுப்பினார்கள். ஒருவர் ‘செம காமெடி’ என்று எழுதியிருந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு என்ன தெரியும்? ஆனால் எல்லாம் தெரிந்த கம்பெனி அதற்குப் பாட்டுச் சேர்த்து இரண்டு நாள் ஓட்டியது.

7. விழுந்த மறுநாள் வெள்ளிக்கிழமை, போன் உள்ளே வந்தால் நான் வர மாட்டேன் என்றேன். “ஒங்க மூஞ்சிய ஊரே பாக்குதேன்னு சந்தோசப்படுவீகளா, அத விட்டுட்டு!” என்றார் ராக்கப்பன். சனிக்கிழமை கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். சினேகா குளியலறையில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுத வைத்துள்ளனர். கைபேசி மருந்து அறைப் பக்கமே போகவில்லை என்கிறது கம்பெனி. அப்படியானால் அந்தப் படத்தை எடுத்தது யார்?

8. நான் செயலிக்கு விரோதி இல்லை. எங்கள் வீட்டு சிலிண்டரும் கரண்டு பில்லும் செயலியில்தான். சாத்தூர் ஜவுளிக்கடைக்காரர் தினமும் என் போனில் சேலை காட்டுகிறார்; தாராளமாகக் காட்டட்டும், சேலை வெடிக்காது. பட்டாசையும் கடையில் அடுக்கிவைத்துக் காட்டட்டும். மருந்து அறையைக் காட்ட வேண்டாம்.

9. ஆகவே, மருந்து அறைகளுக்குக் கைபேசி போவதை உடனே நிறுத்தவும், சினேகாவின் காயத்தை வேலையிடத்து விபத்தாகப் பதியவும், எனக்கு அதே வேலையைத் திரும்பத் தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம்தான். ஆய்வுக்கு வருவதாகத் தகவல் கொடுத்தால் தாங்கியை ஒளித்துவிடுவார்கள். அதற்கு முன் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே காலை பத்தரைக்கு அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள். இருவர்தான் இருப்பார்கள். காலியாக இருக்கும் இரண்டு இடங்களில் ஒன்று சினேகாவுடையது, இன்னொன்று என்னுடையது. அங்கே பருத்திச் சேலையோடு போய் உட்காரும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் தங்கள் குறைதீர் கூட்டத்துக்கு வருவேன்.

இடம்: விருதுநகர்
நாள்: 22.09.2025

இப்படிக்கு,
த. சின்னத்தாய்

இணைப்பு:
1. தொழிற்சாலையின் பெயர், உரிம எண் எழுதிய தாள்.
2. 11.09.2025 நேரலைப் பதிவு உள்ள மெமரி கார்டு.
3. அன்று நான் உடுத்தியிருந்த பச்சைப் பூனம் சேலை. இதை எனக்குத் திருப்பித் தர வேண்டாம்.